மூன்றரை அங்குலத் தண்ணீர்

அன்பு மகன் யூசுபுக்கு, தாராவியிலிருந்து உன் வாப்பா ஸலாம் சொல்லி எழுதுவது. நானும் உன் உம்மாவும் தங்கையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நலம் விசாரிப்பு இத்தோடு முடிந்தது. இந்தக் கடிதத்தை நாளை திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு முன்னால் நீ கடைசி வரி வரைக்கும் வாசித்துவிட வேண்டும். உனக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும் என்பதால் எழுத்தைப் பெரிதாகவும் பிரித்தும் எழுதுகிறேன். பாதியில் சலிப்பு வந்து மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளும் பழக்கம் உனக்கு உண்டு. இன்று ஒரு நாள் அதைச் செய்யாதே. என் கோபம் உனக்குத் தெரியும். ஆனால் இது கோபத்தில் எழுதுகிற கடிதம் இல்லை, பயத்தில் எழுதுவது. பயத்தில் நான் உனக்கு இதுவரை ஒரு வரிகூட எழுதியதில்லை.

வெள்ளிக்கிழமை நீ ஹிந்தியில் எழுதிய அஞ்சலட்டை வந்தது. உன் தங்கைதான் சத்தமாக வாசித்தாள். செம்பூரில் இரும்பு அலமாரி செய்கிற அந்தப் புதுத் தொழிற்சாலையில், பெயிண்ட் அடிக்கிற அறையின் புகையை இழுக்கும் டக்டுக்கு நீயே மானோமீட்டர் வைத்துக் காற்றின் இழுப்பை அளந்தாயாம். ஐம்பது மில்லிமீட்டர் வந்தால் போதும் என்று கணக்கு, வந்ததோ எண்பத்தெட்டாம். பெரிய சாப் எல்லார் முன்னாலும் உன் கையைக் குலுக்கினாராம். திங்கட்கிழமை பத்து மணிக்குச் சான்றிதழில் உன் கையெழுத்து, பதினொரு மணிக்குப் பன்னிரண்டு பேர் உள்ளே போய் வேலை தொடங்குகிறார்கள் என்று எழுதியிருந்தாய். உன் உம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சேமியா கிண்டப் போய்விட்டாள். நான் அங்குலத்து ஆள், உன் மில்லிமீட்டர் எனக்குப் பிடிபடாது. கரிக்கட்டியை எடுத்துச் சுவரிலேயே எண்பத்தெட்டை இருபத்தைந்தரையால் வகுத்துப் பார்த்தேன். மூன்றரை அங்குலம். அரை நூல்கூடக் குறையவில்லை. உம்மா கொண்டுவந்து வைத்த சேமியா ஆறிப்போயிற்று.

அதனால்தான் நேற்று சொல்லாமல் கொள்ளாமல் செம்பூருக்கு வந்தேன். சேமியாத் தூக்கு ஒரு சாக்கு. வாசலில் காவல்காரன், "அந்தர் ஜானேகா ஆர்டர் நை ஹை, சாச்சா" என்று உள்ளே விடாமல் மறித்துவிட்டான். உன் பெயரைச் சொன்னதும் ஆளனுப்பினான். நீ வந்தாய், கழுத்தில் டை கட்டிக்கொண்டு, உன் பெரிய சாபையும் கூட அழைத்துக்கொண்டு. "யே மேரே அப்பா ஹை, டக்ட் மிஸ்திரி" என்று நீ சொன்னபோது உன் குரலில் வெட்கம் இருக்குமோ என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். இல்லை. அது எனக்கு எவ்வளவு பெரிய சந்தோஷம் என்று உனக்குத் தெரியாது. அந்தச் சந்தோஷத்தின் நடுவில்தான் வாயைத் திறந்தேன். "அளந்ததெல்லாம் சரி. அந்தக் கடைசியில, காத்து உள்ள போற வாயில போய்ப் பாத்தியா?" என்றேன். நீ சாபைப் பார்த்துச் சிரித்தாய். "பிக்கர் மத் கரோ, கவலப்படாதீங்க வாப்பா. இது ஒங்க காலத்து டின் வேல இல்ல. ஃபேன் பக்கத்துலயே துளை போட்டு எடுத்தாச்சு, ரீடிங் ஏக்தம் பஸ்ட் கிளாஸ்" என்றாய். சாப் என் தோளைத் தட்டி, உன் பையன் உன்னை மிஞ்சிவிட்டான் என்று ஹிந்தியில் சொன்னார். நானும் பல்லைக் காட்டிச் சிரித்தேன். தூக்கை உன் கையில் கொடுத்துவிட்டு, "நேரத்துக்குச் சாப்பிடு" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தேன்.

குர்லாவில் வண்டி மாறும்போதுதான் உறைத்தது. ஏழு வருஷத்துக்கு முன்னால் எதற்காக வாயை மூடினேனோ, அதே காரணத்துக்காக மறுபடியும் மூடியிருக்கிறேன். நாலு பேர் முன்னால் பாராட்டு வரும்போது குறுக்கே ஒரு கேள்வி போட எனக்கு நாக்கு எழும்பாது. வீட்டில் உன்னையும் உம்மாவையும் நாள் முழுக்க அதட்டுகிற இதே நாக்குதான்.

உன் மாமா காசிமின் கை எப்படி வெந்து போயிற்று என்று உனக்குத் தெரிந்தது ஒரு கதை. தோல் பதனிடும் பட்டறையில் ஸ்ப்ரே அடித்துக்கொண்டிருந்தபோது தீப்பிடித்தது, அதற்குக் காரணம் அவனே காற்று வாயில் தொங்கவிட்ட சாக்கு என்பது அது. அவனும் அப்படித்தான் சொல்லுவான். "என் கைய நானே வாட்டிக்கிட்டேன்" என்று கல்யாண வீடுகளில் சிரித்துக்கொண்டே சொல்லுவான். அந்தக் கதை பொய் இல்லை. ஆனால் அதில் பாதி இல்லை. மீதிப் பாதி என்னிடம் இருக்கிறது. உன் உம்மாவுக்கும் தெரியாது. தன் தம்பியின் இரண்டு கையும் வெந்து முடங்கிப்போனதைப் பற்றி அவளிடமே நான் ஏழு வருஷம் வாய் திறக்கவில்லை.

அந்தப் பட்டறையின் டக்ட் என் கையால் செய்தது. தகடு வெட்டியதும் மடித்ததும், ஒவ்வொரு மூட்டையும் ஈயம் வைத்துப் பூசியதும் நான். பதனிட்ட தோலைச் சட்டத்தில் மாட்டி அதன்மேல் மினுக்கு எண்ணெய் ஸ்ப்ரே அடிப்பார்கள். தின்னரில் கரைத்த அது மூச்சில் ஏறினால் தலை சுற்றும், தீயைக் கண்டால் பெட்ரோல் மாதிரி பிடிக்கும். அந்தப் புகையை உடனுக்குடன் வெளியே இழுக்கத்தான் டக்ட். தோலுக்குப் பின்னால் சுவரில் அகலமான ஒரு வாய், அதிலிருந்து குழாய் கிளம்பிச் சுவரைத் தாண்டி, சாக்கடைச் சந்தைத் தாண்டி, பின்கட்டில் இருந்த ஃபேனுக்குப் போகும். வாயிலிருந்து ஃபேன் வரைக்கும் நாற்பது தப்படி. அந்தக் கணக்கு எனக்கு மறக்காது. பின்னாளில் எத்தனையோ தடவை மனசுக்குள் அந்தத் தூரத்தை நடந்து பார்த்திருக்கிறேன்.

பட்டறை ஓட ஆரம்பித்து இரண்டு வாரம் கழித்துத்தான் அளந்து பார்க்க ஆள் வந்தார். மாதுங்காவில் ஆபீஸ் வைத்திருந்த என்ஜினீயர். நாங்கள் மாதுங்கா சார் என்போம். நல்ல மனுஷன், எந்த மிஸ்திரியையும் வாடா போடா என்று பேசாதவர். அவருடைய மானோமீட்டர் உன்னுடையதைப் போலப் பளபளப்பானது இல்லை. பலகையில் அறைந்த வளைந்த கண்ணாடிக் குழாய், பாதி வரைக்கும் சிவப்பு மை கலந்த தண்ணீர். காசிம் அதைப் பார்த்துவிட்டு, "மச்சான், ரோஸ் சர்பத்தா? எனக்கு ஒரு கிளாஸ்" என்று கேலி செய்துவிட்டு முன்பக்கம் வேலைக்குப் போனான். ஃபேனுக்குப் பக்கத்தில் டக்டில் துளை போட்டு, உள்விளிம்பின் பிசிறை ராவி எடுத்து, ரப்பர் குழாயைப் பொருத்தி, சுற்றிலும் மெழுகு வைத்து அடைத்தேன். ஃபேன் ஓடியது. டக்டோடு சேர்ந்த பக்கம் தண்ணீர் ஏறியது, திறந்த பக்கம் இறங்கியது. இரண்டு மட்டத்துக்கும் நடுவே எத்தனை அங்குலமோ அத்தனை இழுப்பு. இரண்டு வரவேண்டும். சார் குனிந்து கண்ணாடியை நேராக வைத்துப் பார்த்தார். மூன்றரை.

"என்ன மிஸ்திரி, ரெண்டுதானே எதிர்பார்த்தோம், மூணரை வந்திருக்கே! ஒரு மூட்டுலகூட காத்து ஒழுகலை போலிருக்கு. பேஷ், பேஷ்!" என்றார். பட்டறை முதலாளி நின்றிருந்தார், கணக்குப்பிள்ளை நின்றிருந்தார், எனக்கு வேண்டாத இன்னொரு தகடு மிஸ்திரியும் நின்றிருந்தான். அவன் முகம் சுருங்கியதை நான் ருசித்துப் பார்த்தேன். மகனே, இதையும் மறைக்காமல் எழுதுகிறேன். அன்று எனக்குள் ஏறியது தண்ணீரைவிட வேகமாக ஏறியது.

ஆனால் என் கைக்குத் தெரிந்துவிட்டது. பழக்கத்தில் மோட்டார் மேல் கையை வைத்தேன். அது சூடாக இருக்க வேண்டும். காற்றை அள்ளி அள்ளிப் போடுகிற மோட்டார் உழைத்துச் சூடேறும். இது வெதுவெதுப்புக்கூட இல்லை. சத்தமும் கனமாக இல்லை, மெலிந்து கீச்சென்று வந்தது. வேலை இல்லாமல் வெறுமனே சுற்றுகிற ஃபேனின் சத்தம் அது. இருபது வருஷமாகத் தகடோடும் காற்றோடும் கிடக்கிறவனுக்கு அது தெரியாதா? எந்த டக்டை முடித்தாலும் கடைசியில் வாய்க்குப் போய் ஒரு மெல்லிய காகிதத்தை நீட்டிப் பார்ப்பேன், அது சடக்கென்று ஒட்டிக்கொள்கிறதா என்று. அன்றும் அந்தக் காகிதம் என் பையில் மடித்து இருந்தது. போய்ப் பார்க்கலாம் சார் என்று சொல்லியிருந்தால் அந்த மனுஷன் குடையை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் நடந்திருப்பார். நான் சொல்லவில்லை. போய்ப் பார்த்து ஏதாவது தப்பாக இருந்தால் அந்த "பேஷ்" திரும்பப் போய்விடுமே என்று நினைத்தேன். அதோடு உன் நினைப்பும் வந்தது. நீ அப்போது பதினைந்து வயசில் எஸ்.எஸ்.ஸி.க்குப் படித்துக்கொண்டிருந்தாய். டிப்ளமோ படிப்புக்குப் பெரிய இடத்துச் சிபாரிசு வேண்டும் என்று உன் வாத்தியார் சொல்லியிருந்தார். சார் நல்ல மனநிலையில் இருந்தார். அங்கேயே கேட்டேன். "உங்க பையனுக்கு எழுதித் தராம வேற யாருக்குத் தரப்போறேன்?" என்று சொல்லி, மறுநாளே ஆபீஸில் டைப் அடித்துக் கொடுத்தார். உன் டிப்ளமோ அந்தக் காகிதத்தில் தொடங்கியது. உன்மேல் பாரம் ஏற்ற இதைச் சொல்லவில்லை. பாரம் என்னுடையது. எங்கிருந்து வந்தது என்று மட்டும் தெரிந்துகொள்.

முன்பக்கத்தில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று பிறகு தெரிந்தது. என் டக்ட் நன்றாக இழுத்ததுதான் வினை. அது இழுத்த இழுப்பில் சந்தின் புழுதியெல்லாம் கதவு வழியாக உள்ளே வந்து ஈரத் தோலில் ஒட்டியது. புழுதி ஒட்டிய தோலை முதலாளி தூக்கி எறிவார். ஸ்ப்ரே அடிக்கிறவர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். காசிம் ஓர் ஈரச் சாக்கை வாயின் குறுக்கே கம்பியில் தொங்கவிட்டான். இழுப்பு குறைந்தது, தோல் கண்ணாடி மாதிரி மின்னியது, அவனுக்கு நல்ல பெயர். ஆனால் அடித்த மினுக்கு எண்ணெய் எல்லாம் அந்தச் சாக்கில் படிந்து காய்ந்து, ஒரே வாரத்தில் சாக்கு பலகை மாதிரி விறைத்துவிட்டது. காற்றுப் போக ஓட்டை இல்லை. ஃபேன் மட்டும் பின்பக்கம் உறிஞ்சிக்கொண்டே இருந்தது. அதனால்தான் கண்ணாடியில் மூன்றரை. சோடாக் கடையில் காகிதக் குழல் போட்டுக் குடிப்பாயே, குழலின் நுனியை விரலால் அடைத்துக்கொண்டு உறிஞ்சிப் பார். கன்னம் இரண்டும் ஒட்டிப்போகிற அளவுக்கு இழுப்பு இருக்கும், வாய்க்கு ஒரு சொட்டு வராது. கண்ணாடி இழுப்பைத்தான் சொல்லும். காற்று ஓடுகிறதா என்று அது சொல்லாது. அளவு குறைந்தால் எல்லாரும் பதறி ஓடுவார்கள். கூடினால் யாரும் ஓடுவதில்லை, கையைக் குலுக்குவார்கள்.

சார் அளந்துவிட்டுப் போன பத்தாவது நாள் பகல், சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் தீப்பிடித்தது. பொறி எங்கிருந்து வந்தது என்று இன்றுவரைக்கும் தெரியாது. அறை முழுக்கத் தின்னர் புகை வெளியே போக வழியில்லாமல் நின்றிருந்தது, சாக்கு முழுக்க எண்ணெய். பொறிக்கா பஞ்சம்? காசிம் ஓடி வெளியே வந்துவிட்டான். பிறகு உள்ளே இன்னொருவன் இருக்கிறான் என்று திரும்பப் போனான். எரிகிற சாக்கை இரண்டு கையாலும் பிடித்து இழுத்து எறிந்துவிட்டுத்தான் அந்த ஆளைக் கொண்டுவந்தான். நான் மாஹிம் பக்கம் வேறு வேலையில் இருந்தேன். சேதி கேட்டு ஓடிவந்து பார்த்தபோது தீ அணைந்திருந்தது. நேராக வாய்க்குப் போனேன். பத்து நாளைக்கு முன்னால் நடக்காத அந்த நாற்பது தப்படியை அன்று நடந்தேன். கம்பிக் கொக்கியில் கருகின சாக்கு நூல் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்த அந்த நிமிஷமே மூன்றரை அங்குலமும் குளிர்ந்த மோட்டாரும் எனக்குப் புரிந்துவிட்டது.

மாதுங்கா சார் மறுநாள் வந்தார், முகம் வெளுத்து. "ரீடிங் சரியாத்தானே இருந்தது, மிஸ்திரி?" என்று என்னிடம் கேட்டார். அவருக்கு என் வாயிலிருந்து ஒரு வார்த்தை தேவைப்பட்டது. "சரியாத்தான் இருந்திச்சு சார்" என்றேன். அவர் போய்விட்டார். ஆஸ்பத்திரியில் ஒரு மாசம் காசிமுக்கு நீதான் ஸ்பூனால் கஞ்சி ஊட்டினாய். ஒரு நாள் கிண்ணத்தைக் கழுவிக்கொண்டே நீ கேட்டாய்: "வாப்பா, ஒங்க டக்டு ஆளையே இழுக்கும்னு சொன்னியளே, பின்ன ஏன் பொகை உள்ளயே நின்னிச்சு?" நான் உன்னை அறைந்தேன். நர்ஸம்மா திரும்பிப் பார்க்கிற அளவுக்கு அறைந்தேன். ஏன் என்று நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. உனக்கு ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ. இப்போது சொல்கிறேன். அந்தப் பட்டறையில் முதலாளி, என்ஜினீயர், மிஸ்திரி என்று இத்தனை பேர் இருந்தும் சரியான கேள்வியைக் கேட்டது நீ ஒருவன்தான். அதற்கு என்னிடம் அடி வாங்கினாய். அந்த அடிக்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். கேள்வி கேட்டால் பெரியவர்களுக்குக் கோபம் வரும் என்று அன்று உனக்கு நானே கற்றுக் கொடுத்துவிட்டேனோ என்பதுதான் இப்போது என் பயம்.

அதைவிடப் பெரிய தப்பு ஒன்று இருக்கிறது. அன்று நடக்காமல் விட்டதையாவது ஒரு நாள் புத்திகேடு என்று சொல்லிக்கொள்ளலாம். பிறகு ஏழு வருஷமாகக் காசிம், "எம் புத்திகெட்ட வேல மச்சான், யாரச் சொல்லி என்ன?" என்று சொல்லும்போதெல்லாம் நான் டீயைக் குடித்துக்கொண்டு சும்மா இருந்தேன். அவன் சொல்லச் சொல்ல எனக்கு லேசாக இருந்தது. சாக்கைத் தொங்கவிட்டவன் அவன்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவனுக்குப் பெண் கொடுக்க இரண்டு வீடு பார்த்துவிட்டு வேண்டாமென்று போனார்கள். அப்போதும் சும்மா இருந்தேன். சட்டைப் பித்தான்கூடப் போட்டுக்கொள்ள முடியாத கை. காலையில் நான்தான் போட்டுவிடுகிறேன், உனக்குத் தெரியும். மச்சானுக்கு என்மேல் எவ்வளவு பாசம் என்று அவன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறான்.

யூசுப், உன் தொழிற்சாலையில் எதுவும் அடைத்திருக்கிறது என்று நான் சொல்லவில்லை. எனக்குத் தெரியாது. புது ஃபில்டரின் மேல் ஒட்டி வந்த காகிதத்தை உரிக்காமலே மாட்டியிருக்கலாம். குழாய்க்குள் காற்றைத் தடுக்கிற டாம்பர் தகடு திருகி மூடிக் கிடக்கலாம். சுவர் பூசினவன் எவனாவது தூசி போகாமலிருக்க வாயில் சிமெண்டுச் சாக்கை அடைத்துவிட்டு எடுக்க மறந்திருக்கலாம். ஒன்றுமே இல்லாமல், நீ செய்த வேலை உண்மையிலேயே பஸ்ட் கிளாஸாகவும் இருக்கலாம். அப்படியிருந்தால் இந்தக் கிழட்டு மிஸ்திரியைப் பார்த்து நீயும் உன் சாபும் வாய்விட்டுச் சிரியுங்கள், நானும் சேர்ந்து சிரிக்கிறேன். மோட்டாரைத் தொட்டுப் பார்த்தாயா? சத்தத்தைக் கேட்டாயா? ஒவ்வொருவனும் நிற்கப்போகிற இடத்தில், அவன் முகம் இருக்கப்போகிற உயரத்தில், ஒரு காகிதத்தை நீட்டிப் பார்த்தாயா? பன்னிரண்டு பேர், மகனே. பன்னிரண்டு பேருக்கும் வீட்டில் கஞ்சி ஊட்ட ஒரு பையன் இருப்பான் என்று எதிர்பார்க்காதே.

இந்தக் கடிதத்தை இன்று மத்தியானம் காசிம்தான் கொண்டுவருவான். ஞாயிற்றுக்கிழமையானாலும் நாளைய வேலைக்காக நீயும் உன் சாபும் அங்கேதான் இருப்பீர்கள். தபாலில் போட்டால் செவ்வாய்க்கிழமைதான் வரும், நான் வந்தால் மறுபடியும் சேமியாவைக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவேன். அவனுக்கு வாசிக்கத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் இவ்வளவையும் எழுதினேன். 'வாசித்துவிட்டு மாமாவிடம் நீயே பக்குவமாகச் சொல்லிவிடு' என்று எழுதத்தான் இந்தப் பத்தியை ஆரம்பித்தேன். எழுதப் போன இடத்தில் பேனா நின்றுவிட்டது. என் கேள்வியை உன் சாபிடம் கேட்க முடியாமல் திரும்பினவன், என் குற்றத்தை உன் தலையில் கட்டி அனுப்பப் பார்க்கிறேன். எழுதுவதை நிறுத்திவிட்டு அவனைக் கூப்பிடப் போகிறேன்.

மத்தியான லுஹர் தொழுதுவிட்டு மறுபடியும் எழுதுகிறேன். சொல்லிவிட்டேன். காசிமையும் உன் உம்மாவையும் எதிரே உட்காரவைத்து, மேலே எழுதியிருப்பதை எல்லாம் ஒரு வார்த்தை விடாமல் வாசித்தேன். சர்பத் என்று அவன் கேலி செய்த இடத்தில் சிரித்தான். அதற்குப் பிறகு சிரிக்கவில்லை. முடித்ததும் தன் கைகளைப் புரட்டிப் பார்த்தான்.

"அப்ப அந்தக் கண்ணாடி சொல்லியிருக்கு" என்றான்.

"சொல்லிச்சு காசிம்."

"பத்து நாளு முந்தியே."

"ஆமா."

"நாப்பது தப்படிதான மச்சான்? நான் அங்கனதான நின்னேன். ஒரு சத்தம் குடுத்திருந்தாக்கூட வந்திருப்பேனே."

உன் உம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். அவள் என்னிடம் எப்போது பேசுவாள் என்று எனக்குத் தெரியாது. நான் காசிமிடம், வேண்டாம், நீ போக வேண்டாம், நானே செம்பூர் போகிறேன் என்றேன். அவன் தலையை ஆட்டினான். "நீங்க போனா மறுபடியும் வாய மூடிக்கிட்டு வருவிய. நான் போறேன். ஒங்ககிட்ட பேச எனக்கு நெறைய கெடக்கு. அதுக்கு நாள் இருக்கு. புள்ள கையெழுத்துக்கு நாள் இல்ல. சீக்கிரம் எழுதி முடிங்க" என்றான். என்னை மன்னித்ததாக அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்கிற தகுதி இன்று இல்லை.

இப்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு நிற்கிறான், இந்த வரிகளுக்காகத்தான் காத்திருக்கிறான். வழக்கம்போலச் சட்டையின் மேல் பித்தானைப் போட்டுவிடக் கையை நீட்டினேன். விலகிக்கொண்டான். அப்படியே திறந்த சட்டையோடு குர்லாவில் வண்டி மாறி வந்து உன் தொழிற்சாலை வாசலில் நிற்பான். காவல்காரன் உள்ளே விடமாட்டான், நீ வெளியே வா. முதலில் அவனுடைய பித்தானைப் போட்டுவிடு. அந்தக் கைகளைக் கிட்டத்தில் ஒரு தடவை நன்றாகப் பார். பிறகு காவல்காரனிடம் சண்டை போட்டாவது, உன் சாபின் முகம் எப்படிப் போனாலும் சரி, அவனையும் கூட்டிக்கொண்டு அந்த வாய் வரைக்கும் நட. காகிதம் இதோடு மடித்து வைத்திருக்கிறேன், மெல்லியது, ஏழு வருஷமாக என் பையில் இருந்தது. நீட்டிப் பார்க்க வேண்டியவன் அவன். அது ஒட்டுகிறது என்று அவன் சொன்னால், நாளைக்குக் கையெழுத்துப் போடு.

உன் வாப்பா